இறக்கி வைத்த நட்சத்திரம்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவின் முறையாருக்கும், சபையாருக்கும், புத்தூர் நெசவுத் தெருக்காரர்களுக்கும் அக்காவின் தம்பி வணக்கத்தோடு எழுதுவது. அக்காவைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் உங்களில் நிறையப் பேர் உண்டு. அக்காவின் வீட்டுக்காரர், எங்கள் மாமாவே எழுதியிருக்கலாம். கேட்டால், "எனக்குப் பச்சைக் கொடியும் செவப்புக் கொடியும்தான் தெரியும். நீதான் ஆபீஸ்ல கீற. நீயே எழுது" என்று சொல்லிவிட்டார். நான் ஆபீஸில் பேனா பிடிக்கிறவன் அல்ல, சர்வேயில் நிலம் அளக்கிற சங்கிலி பிடிக்கிறவன். அது மாமாவுக்கும் நன்றாகத் தெரியும். இருந்தும் என்னை எழுத வைத்தார். ஏன் என்பது எனக்குத் தெரியும். படித்து முடிக்கும்போது உங்களுக்கும் தெரியும்.

அக்கா பிறந்தது நாகலாபுரத்துக்குக் கிழக்கே ஒரு சிறிய பாளையத்தில். எங்கள் அப்பாவுக்கு, நாங்கள் நைனா என்போம், மானாவாரி நிலம். மழை வந்தால் வேர்க்கடலை, வராவிட்டால் ஜெபம். அம்மா காலமானபோது அக்காவுக்குப் பதினொரு வயது, எனக்கு மூன்று. அந்த வருஷமே புத்தூர் மிஷன் விடுதிப் பள்ளியில் அக்காவுக்கு இடம் கிடைத்தது. என்னை விட்டுவிட்டு உள்ளே வர மாட்டேன் என்று அக்கா விடுதி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்களாம். "இவன் வர்லேன்னா நானும் வர்ல. நான் ஊட்டினாத்தான் இவனுக்குச் சோறு எறங்கும்" என்று மேட்ரனம்மாவிடம் சொன்னதை நைனா பிற்காலத்தில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். பெண்கள் விடுதியில் ஒரு ஆண் குழந்தை! எப்படியோ இடம் கொடுத்தார்கள். எனக்குச் சோறு ஊட்டி வளர்த்த கை அக்காவின் கை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வரப்போகிற விஷயத்துக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

அக்கா டீச்சர் டிரெயினிங் முடித்து, படித்த பள்ளியிலேயே தமிழ் வகுப்புக்கு ஆசிரியை ஆனார்கள். ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்த மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டு, நெசவுத் தெருவில் குடியேறினார்கள். இரண்டு குழந்தைகள் பிறந்தன. இரண்டும் தங்கவில்லை. மூத்தது ஒன்பது நாள், இளையது நாலு மாதம். இரண்டையும் புத்தூர்க் கல்லறையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். மூன்றாம் நாளே அக்கா பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். "வூட்ல குந்திக்கினு இருந்தா மட்டும் வந்துடப் போவுதா?" என்று என்னிடம் கேட்டார்கள். அவர்கள் அழுது நான் பார்த்தது மிகக் குறைவு. பார்த்த ஒன்றிரண்டு தடவையும் காரணம் நான்தான்.

அந்த வீட்டு நட்சத்திரத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். டிசம்பர் பிறந்தால் மாமா மூங்கில் சீவி உட்கார்ந்துவிடுவார். அக்கா கலர் காகிதம் ஒட்டுவார்கள். பக்கத்து வீட்டு நெசவுக்கார அம்மா சாயம் போட்டு மீந்த நூலைக் கொண்டுவந்து வாலுக்குக் கொடுப்பார். உள்ளே ஒரு சிம்னி விளக்கு. வாசலில் மூங்கில் கழி நட்டு, கிணற்று ராட்டினம் ஒன்றைக் கட்டி, கயிற்றை இழுத்தால் சரசரவென்று மேலே ஏறும். "டீச்சரம்மா வூட்டு நட்சத்திரம் ஏறிடுச்சு, பொங்கலுக்கு வேட்டி நெய்ய ஆரம்பிக்கணும்" என்று தெருவில் சொல்வார்களாம். ஏறிய நட்சத்திரம் புது வருஷம் பிறக்கும் வரை இறங்கக் கூடாது என்பது சபை வழக்கம்.

ஆந்திர மாநிலம் தனியாகப் பிரிந்த சமயத்தில் சபைக்குள்ளும் ஒரு பிரிவினை கிளம்பியது. எங்கள் கோயிலில் தமிழர்களும் உண்டு, தெலுங்கர்களும் உண்டு. வாசல் கரும்பலகையில் ஆராதனை விவரம் எழுதுவது அக்காவின் வேலை. எழுத்து அச்சுப் போல இருக்கும். இரண்டு மொழியிலும் எழுதுவார்கள். ஆராதனைக்குப் போய்ப் பார்த்தால் ஒரு பக்கம் அழிந்திருக்கும். அடுத்த வாரம் பழிக்குப் பழியாக மறுபக்கம் அழிந்திருக்கும். இது போதாதென்று பண்டிகைக்கு என்ன பெயர் போடுவது என்று வேறு தகராறு. ஒரு மூப்பருக்குக் 'கிறிஸ்து ஜெயந்தி' என்றால்தான் பிடிக்கும், இன்னொருவருக்கு அது இந்துப் பெயர். 'கிறிஸ்மஸ்' என்றால் அது வெள்ளைக்காரன் பெயர் என்பார் மூன்றாமவர். அக்காவுக்கு ஒரு நாள் பொறுமை போய்விட்டது. "பொறந்தது ஒரே கொழந்த. ஆளாளுக்கு ஒரு பேரு வெச்சிக்கினு அடிச்சிக்கினா கொழந்த யாருகிட்டதான் போவும்?" என்று கமிட்டியாரிடமே கேட்டுவிட்டார்கள். பிறகு பெயரே எழுதாமல் பலகையில் ஒரு நட்சத்திரத்தை வரைந்து, கீழே '5 மணி' என்று மட்டும் எழுதினார்கள். அதை யாரும் அழிக்கவில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். வேறு வழியில்லை.

எனக்குத் திருப்பதியில் வேலை கிடைத்தது. கூட வேலை பார்த்தவர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வீட்டுக் கூட்டத்துக்கு அழைத்துப் போனார். அங்கே பீடம் கிடையாது, அங்கி கிடையாது, மெழுகுவர்த்தி கிடையாது. வேதம் மட்டும்தான். அந்தக் கூட்டத்து மூப்பர் தெலுங்குக்காரர், மிகவும் சாந்தமான மனிதர். டிசம்பர் இருபத்தைந்து என்று "எக்கட ராசி உந்தி, தம்முடு?" என்று கேட்டார். எங்கே எழுதியிருக்கிறது, தம்பி, என்று பொருள். ஒரு மாதம் தேடினேன். எழுதியிருக்கவில்லை. ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாற்பது நாளும் இல்லை. ஈஸ்டர் என்ற பெயர் ஏதோ பழைய தேவதையின் பெயர் என்றும் சொன்னார்கள். நான் அளவு பார்க்கிற உத்தியோகத்தில் இருப்பவன். படத்தில் இல்லாத கல்லைத் தரையில் நட எனக்குக் கை வராது. பண்டிகைகளை விட்டேன். இன்று வரை அந்தக் கேள்விக்கு எனக்கு வசனம் கிடைக்கவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்த வருஷம் பண்டிகைக்கு அக்கா வழக்கம் போல எனக்கும் என் வீட்டுக்காரிக்கும் இலை போட்டு வைத்துக் காத்திருந்தார்கள். நான் போகவில்லை. மறுநாள் போய், "அக்கா, நேத்து வெச்ச சோத்த இன்னிக்கிக்கூட நான் துன்ன மாட்டேன். அந்த நாளுக்குன்னு ஆக்கினது எனக்கு விக்கிரகத்துக்குப் படைச்சது மாதிரி" என்றேன். ஆம், இதே வார்த்தைகள்தான். மாமா எழுந்து வெளியே போய்விட்டார். அக்கா அடுப்படிக்குப் போய்ப் புதிதாக உலை வைத்தார்கள். குழம்பு கொதிக்கும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். வெங்காயம் என்றார்கள்.

அன்று முதல் அது ஒரு வழக்கமாகிவிட்டது. வருஷா வருஷம் இருபத்தாறாம் தேதி நாங்கள் புத்தூர் போவோம். அக்கா அன்றைக்கென்று புதிதாகக் கோழி அடித்துக் குழம்பு வைப்பார்கள், புதிதாக அதிரசம் சுடுவார்கள். நான் உட்காருவதற்கு முன்னால், "இது இன்னிக்கிதான் செஞ்சதா, அக்கா?" என்று கேட்பேன். "இன்னிக்கிதாண்டா, துன்னு" என்பார்கள். முந்தின நாள் சபைக்கு, மறுநாள் தம்பிக்கு. இரண்டு நாள் இரண்டு சமையல். அவர்களுக்கு அப்போதே மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. எனக்கு அது கண்ணில் படவில்லை. என் கண் பானையின் தேதியில் இருந்தது.

ஒரு வருஷம் ஈஸ்டருக்கு முந்தின நாள் ஆபீஸ் வேலையாகப் புத்தூர் போனேன். அக்கா குழந்தைகளின் கல்லறைக்குச் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தார்கள். ஈஸ்டர் விடியலில் கல்லறைக்குப் பூவும் மெழுகுவர்த்தியும் கொண்டுபோவது சபை வழக்கம். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "அந்தப் பேரே நம்மளுது இல்ல, அக்கா. செத்தவங்களுக்குப் பூ போடறதும் நம்மளுது இல்ல" என்றேன். அக்கா மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்தபடியே, "பேரு தப்புன்னா மாத்திக்கலாம்டா. புள்ளைங்கள மாத்த முடியுமா?" என்றார்கள். பஸ் ஏறித் திருப்பதி வந்துவிட்டேன்.

பிறகு இரண்டு மாநிலத்துக்கும் எல்லை முடிவாயிற்று. திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று, வேறு சில ஊர்கள் இந்தப் பக்கம் வந்தன. நாகலாபுரம், சத்தியவேடு பக்கம் சங்கிலி இழுத்துக் கல் நட்ட கோஷ்டியில் நானும் இருந்தேன். ஊர்க்காரர்கள் வரப்பில் நின்றுகொண்டு, "எங்களுக்கு எந்தப் பக்கம் சார்? சித்தப்பன் வூடு அந்தாண்ட போயிடுமா?" என்று கேட்பார்கள். சங்கிலி பிடிக்கிறவனுக்கு என்ன தெரியும்? எனக்கே அத்தை வீடு அந்தாண்ட போயிற்று. அந்த வருஷ இருபத்தாறாம் தேதி சாப்பிடும்போது இதைச் சொல்லி வருத்தப்பட்டேன். அக்கா குழம்பு ஊற்றிக்கொண்டே, "ஊருக்கு நடுவுல கல்லு நட்டா ஒனக்கு வலிக்குது. சோத்துக்கு நடுவுல நட்டியே, அது வலிக்கலியா?" என்று கேட்டார்கள். கேட்டுவிட்டுச் சிரித்தும் விட்டார்கள். நானும் அது விளையாட்டுப் பேச்சு என்று சிரித்தேன்.

அன்று கிளம்பும்போதுதான் பக்கத்து வீட்டு நெசவுக்கார அம்மா தெருவில் நிறுத்திக் கேட்டார். "ஏம்பா, ஒனக்கும் அந்த நட்சத்திரத்துக்கும் இன்னா பகை? நீ வர பஸ்ஸுக்கு முன்னாடி டீச்சரம்மா எறக்கிடறாங்க. நீ போன பஸ்ஸுக்கு அப்புறம் ஏத்தறாங்க. மூச்சு வாங்க வாங்க அவுங்களே கயிறு இழுக்கறாங்க." திரும்பிப் பார்த்தேன். கழி மட்டும் மொட்டையாக நின்றது. நான் ஒவ்வொரு வருஷமும் அந்தக் கழியைப் பார்த்திருக்கிறேன். அக்கா என் பேச்சைக் கேட்டு நட்சத்திரம் கட்டுவதை விட்டுவிட்டார்கள் என்று மனதுக்குள் பெருமைகூடப் பட்டிருக்கிறேன். அது அக்காவின் கட்டிலடியில் பாய் போர்த்திக்கொண்டு கிடந்திருக்கிறது. நான் அந்தக் கட்டிலில் உட்கார்ந்துதான் தாம்பூலம் போட்டேன்.

அப்போதாவது திரும்பிப் போய், "அக்கா, ஏத்திக்கோ" என்று சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தை. சொல்லவில்லை. சொன்னால் பண்டிகையை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமே என்று பயம். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

இதில் நான் அறியாத இன்னொன்றும் இருந்தது. புது வருஷத்துக்கு முன்னால் நட்சத்திரத்தை இறக்குகிறவர் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுப்பார் என்று கமிட்டியில் கேட்டிருக்கிறார்கள். அக்கா எதிர்த்துப் பேசவில்லையாம். பதினெட்டு வருஷம் நடத்திய அந்த ஞாயிறு வகுப்பை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். ஏன் வகுப்புக்குப் போவதில்லை என்று நான் கேட்டதற்கு, "ஒடம்பு முடியலடா" என்றார்கள். அடக்கத்துக்குப் பிறகுதான் மாமா விஷயத்தைச் சொன்னார். சபையாரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர்கள் ஒரு பக்கம் இழுத்தார்கள், நான் ஒரு பக்கம் இழுத்தேன். நடுவில் இருந்தது அக்கா.

போன வருஷம் டிசம்பர் பிறந்ததும் அக்காவுக்கு நெஞ்சு வலி அதிகமானது. திருப்பதியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான் தினமும் காலையிலும் மாலையிலும் போய்ப் பார்த்தேன். இருபத்தைந்தாம் தேதியும் போனேன். தினமும் போகிறபடியால் போனேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வார்டில் நர்சுகள் பாட்டுப் பாடிவிட்டுப் போயிருந்தார்கள். புத்தூர்ச் சபைப் பெண்கள் முதல் ரயிலில் வந்து பலகாரம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். அக்கா தலையணைக்குப் பக்கத்தில் வாழையிலையில் ஒரு அதிரசத்தை மடித்து வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார்கள். முடியவில்லை.

"இந்தாடா, துன்னு" என்று இலையை நீட்டினார்கள்.

"எல்லா நாளும் கர்த்தருடைய நாள்தான், அக்கா. இன்னிக்கின்னு எதுக்கு?" என்றேன்.

"அப்ப இன்னிக்கும் அவுரு நாளுதானே? துன்னேண்டா. நான் கிறிஸ்மஸ்னு சொல்லல. ஒண்ணுமே சொல்லல. பசிக்குதான்னு கேக்கறேன்."

"நாளைக்குத் துன்றேன், அக்கா. நாளைக்குக் காலைல மொத வேலையா வந்து துன்றேன்."

அக்கா கையை இழுத்துக்கொண்டார்கள். கோபப்படவில்லை. "சரி. நாளைக்குதான ஒன் நாளு" என்று சொல்லி, இலையை மறுபடி மடித்துத் தலைமாட்டில் வைத்தார்கள். மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என் வீட்டுக்காரி என் முழங்கையைக் கிள்ளினாள். அப்படியும் நான் வாங்கவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் போனேன். ஐந்தரைக்கே அக்கா போய்விட்டார்கள். மாமா இலைப் பொட்டலத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். அவ்வளவுதான்.

அன்று மாலையே புத்தூரில் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் அக்காவை அடக்கம் செய்தோம். போதகர் ஐயர் உள்ளே ஜெபம் செய்தார். எங்கள் கூட்டத்தார் மெழுகுவர்த்தி இருக்கிற இடத்துக்கு வர மனமில்லாமல் காம்பவுண்டுக்கு வெளியே நின்று ஜெபம் செய்தார்கள். நான் எங்கே நிற்பது? கேட்டருகே நின்றேன். எல்லாரும் போன பிறகு குழி ஓரத்தில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தேன். எறும்பு மொய்த்திருந்தது. ஊதிவிட்டுத் தின்றேன். ஒரே அதிரசத்தைத் தின்ன வெகு நேரம் பிடித்தது. நான் தின்றது பண்டிகைப் பலகாரமா, இழவுச் சோறா? எங்கள் கூட்டத்தில் கேட்கவும் வாய் வரவில்லை, சபையில் கேட்கவும் வாய் வரவில்லை. அக்கா இருந்தால் கேட்டிருப்பேன்.

வருஷம் ஓடிவிட்டது. இந்த நாளை அனுசரிக்க வேண்டும் என்றார் மாமா. எங்கள் மூப்பர் என்னைக் கூப்பிட்டு, கோபமில்லாமல், "செத்தவங்களுக்கு நாள் வெக்கறதும் பண்டிகைதானே, தம்பி? ஒண்ணுக்கு எடம் குடுத்தா எல்லாம் வரும்" என்றார். அவர் சொன்னது சரியாக இருக்கலாம். அடுத்த ஞாயிறு அந்தக் கூட்டத்தில் எனக்கு இடம் இருக்குமா என்று தெரியவில்லை. சபையிலோ 'நினைவு ஆராதனை' என்று போட வேண்டும் என்கிறார்கள் சிலர், 'நினைவுத் திருநாள்' என்கிறார்கள் சிலர். அதிலும் தமிழில் முதலா, தெலுங்கில் முதலா என்று பேச்சு வந்துவிட்டது. என்னால் எதையும் தீர்க்க முடியவில்லை. அச்சாபீஸ்காரர் அழைப்பிதழில் என்ன தலைப்பு வைப்பது என்று மூன்று தடவை ஆள் அனுப்பினார். கடைசியில் அக்காவின் பலகை நினைவுக்கு வந்தது. தலைப்பே வேண்டாம் என்றேன். ஒரு நட்சத்திரம், அதன் கீழே '26, பகல் 12 மணி, சாப்பாடு'. உங்களுக்கு வந்த அட்டையில் அச்சுப் பிழை இல்லை.

அக்காவைக் கடைசி நாட்களில் சொந்தத் தாயைப் போலப் பார்த்துக்கொண்ட ஆஸ்பத்திரி நர்சுகளுக்கும், முதல் ரயிலில் ஓடிவந்த சபைப் பெண்களுக்கும், அடக்கத்தை நடத்திக்கொடுத்த போதகர் ஐயருக்கும், வெளியே நின்றாலும் போகாமல் நின்ற எங்கள் கூட்டத்தாருக்கும், அன்று தறிகளை நிறுத்திவிட்டுக் கூட நடந்து வந்த நெசவுத் தெருக்காரர்களுக்கும், எல்லைக்கு அந்தாண்டயிருந்து இரண்டு பஸ் மாறி வந்த அத்தை குடும்பத்தாருக்கும் மாமாவின் சார்பிலும் என் சார்பிலும் நன்றி. இந்த வருஷமும் வால் கட்ட நூல் கொடுத்த பக்கத்து வீட்டு அம்மாவுக்குத் தனி நன்றி.

இதை நீங்கள் படிக்கும்போது அடுப்படியில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். அதிரசம் நேற்றே சுட்டது. நான் கேட்கவில்லை, மாமாவாகவே சொன்னார். வாசலில் நட்சத்திரம் ஏறியிருப்பதைப் பார்த்துக்கொண்டுதான் நீங்கள் உள்ளே வந்திருப்பீர்கள். போன வாரம் மாமாவிடம், "நான் வரப்போ அத எறக்க வேணாம், மாமா" என்று சொன்னேன். ஆறு வருஷம் தாமதமாகச் சொன்னேன். மாமா கயிற்றைக் கழியில் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டே சொன்னார்:

"நான் எந்த வருஷம்பா எறக்கினேன்? எறக்கறவதான் போயிட்டாளே."